இடப்பக்க ஜிப், வலப்பக்க ஜிப்

உறக்கப் பைக்குள் சூடு கிடையாது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
நீ கொண்டுபோவதைச் சிந்தாமல் வைத்திருக்கும்,
அவ்வளவுதான்.
வெறுங்கையோடு நுழைந்தால்
விடியும்வரை வெறுங்கைதான்.

அதனால் சிர்ப்பா
கூடாரத்துக்கு வெளியே நின்று
தோப்புக்கரணம் போட்டாள்.
என்னையும் போட வைத்தாள்.
இனாரி ஏரி எங்கள் பூட்சுக்கு அடியில்
ஒரு முழத்துக்கு மேல் இறுகிக் கிடந்தது.
மைனஸ் இருபத்தாறு.
ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள்
தலைவிளக்கோடு எழுந்து எழுந்து உட்கார்ந்ததை
ஒரு நரிகூடப் பார்க்கவில்லை.

பிறகு வெண்ணெய்.
ரொட்டி இல்லாமல், கத்தி முனையில், கட்டிகட்டியாக.
"வயிற்றுக்கு விறகு" என்றாள்.
கொதிநீர் பாட்டிலைக் கம்பளிக் காலுறைக்குள் திணித்துத்
தொடையிடுக்கில் வைத்துக்கொள்.
நாளைய காலுறை வயிற்றின்மேல்.
பேட்டரி அக்குளில்.
மூத்திரத்தை அடக்காதே,
அதையும் உன் உடம்புதான் இரவெல்லாம்
காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டும்.
மூக்கை உள்ளே இழுக்காதே.
மூச்சு ஈரம். ஈரம் பகை.

பகை எங்களுக்குப் புதிதில்லை.
என் தம்பியின் மனைவியாக
பதினாறு வருடம் இருந்தவள் அவள்.
நான் நாத்தனார்.
அவள் பொரித்த மீனில் முள்ளும்
அவள் போட்ட காபியில் தண்ணீரும்
தேடித்தேடிக் கண்டுபிடித்தவள்.
பிரிந்த அன்று அவளும் தார்மோவும்
படகு, பாத்திரம், நாய்வரை பங்கு போட்டார்கள்.
என்னைப் பங்கு போட மறந்துவிட்டார்கள்.

அந்த மார்ச்சில் போன் வந்தது.
"பனியில் துளை போடும் கருவி என்னிடம் இருக்கிறது.
இழுவண்டி உன்னிடம் இருக்கிறது.
என்ன சொல்கிறாய், ரைலி?"
ஏழு மார்ச் ஆகிவிட்டது.

இந்த முறை என் பை கிழிந்துபோயிருந்தது.
தம்பியிடம் கேட்டேன்.
பரணிலிருந்து ஒரு நீல மூட்டையை இறக்கித் தந்தான்.
யாரோடு போகிறாய் என்று கேட்கவில்லை.
தெரியாதவனா.

இரவு இரண்டு மணி.
கீழே கலைமான் தோல், அதற்குக் கீழே நுரைப்பாய்,
குறை சொல்ல முடியாது.
மேலேதான்.
ஏழு வருடம் அமுங்கிக் கிடந்த வாத்திறகு
எழும்ப மறந்திருந்தது.
பாட்டில் வெதுவெதுப்பாகி
பிறகு வெறும் பாட்டிலாகி
பிறகு என்னிடமே சூடு கேட்க ஆரம்பித்தது.
பற்கள் தந்தி அடித்தன.

"ரைலி, உன் ஜிப் எந்தப் பக்கம்?"

தடவிப் பார்த்தேன். வலம்.

அவள் தலைவிளக்கைப் போட்டாள்.
நீலத்தைப் பார்த்தாள்.
முழங்கால் பக்கம் அடுப்புப்பொறி பட்டு
ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தாள்.
வெளியே பனிக்கட்டி நெடுக
ஒரு விரிசல் ஓடி அடங்கும் ஓசை.

"எனக்கு இடம்" என்றாள்.

கையுறையைக் கழற்றினாள்.
பல்லோடு பல் சேர்த்தாள்.
இடுப்புக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டது ஜிப்.
நான் இழுத்தேன். அசையவில்லை.
"அங்கே முரண்டுபிடிக்கும்.
துணியை இப்படித் தூக்கிப் பிடி.
வேகமாக இழுக்காதே, கெஞ்சு."
கெஞ்சினேன். ஓடியது.

முதலில் குளிர்தான் வந்தது,
இரண்டு பைகளின் குளிரும் சேர்ந்து.
அப்புறம் அவள் முதுகு.
அகலமாக, கம்பளி நெடியோடு,
வெண்ணெய் எரிந்துகொண்டிருக்கும் முதுகு.
நானும் முதுகைக் கொடுத்தேன்.
கடனாக வாங்கவில்லை, நானும் கொஞ்சம் எரிந்தேன்.

வெகுநேரம் கழித்து, இருட்டில்:
"மூட்டையாகவே கட்டி வைத்திருந்தானா?"
"ஆமாம்."
"தொங்கவிடச் சொல். இறகு செத்துவிடும்."
"சொல்கிறேன்."
"நான் சொன்னதாகச் சொல்லாதே."

விடிந்தபோது
பையின் வாய்விளிம்பில் இருவர் மூச்சும்
ஒரே உறைபனியாகப் பூத்திருந்தது.
மீன்துளைகள் மறுபடி மூடியிருக்கும்.
யாராவது எழுந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.
என் பக்கம் நீ, உன் பக்கம் நான் என்று
இடித்துக்கொண்டோம்.
"எழுந்திரு" என்றாள் கடைசியில்,
கண்ணைத் திறக்காமலே.
"காபி நான் போட்டால்
தண்ணீராக இருக்கும் என்பாள் என் நாத்தனார்."